500 வாட்-ஹவர் எங்கே போகிறது? பவர் ஸ்டேஷன் வாங்குமுன் போடவேண்டிய கணக்கு

பவர் ஸ்டேஷன், அதாவது பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒன்றாக அடங்கிய, தூக்கிப்போகக்கூடிய மின்பெட்டி, வாங்கியவர்கள் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "500 வாட்-ஹவர் என்று போட்டிருக்கிறது. 10 வாட் ரூட்டர் ஒன்றுதான் மாட்டினேன். ஐம்பது மணி நேரம் ஓடவேண்டியது, ஒரு நாள்கூட வரவில்லையே, ஏன்?"

பெட்டியில் கோளாறு இல்லை. ரூட்டரை ஏசி சாக்கெட்டில் மாட்டியதுதான் காரணம். ஏசி பட்டனை அழுத்திய நொடியிலிருந்து, எதுவும் மாட்டாமல் விட்டாலும், உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். சின்னப் பெட்டியில் இது 8 வாட் இருக்கலாம், பெரியதில் 20, 25 வாட் வரை போகும். 15 வாட் என்று வைத்துக்கொள்வோம். ரூட்டரின் 10 வாட்டைச் சேர்த்தால் 25. பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்ய பெட்டி விடாது, மற்ற இழப்புகளும் உண்டு என்பதால் 500இல் கைக்கு வருவது சுமார் 450. அதை 25ஆல் வகுத்தால் 18 மணி நேரம். அதே ரூட்டரை, அது 12 வோல்ட்டில் ஓடுவதாக இருந்தால், பெட்டியின் 12 வோல்ட் டிசி துளையில் சரியான ஒயர் போட்டு மாட்டினால் நாற்பது மணி நேரம் வரை ஓடும். பெட்டியும் ரூட்டரும் அதேதான், மாட்டிய துளைதான் வேறு.

இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் வாங்கும் முடிவில் பாதி முடிந்த மாதிரி. கூடாரம் போட்டுத் தங்கும் முகாமுக்கும் வீட்டுக்கும் ஒரே பெட்டி போதுமா என்ற கேள்விக்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது.

வாட், வாட்-ஹவர், எம்ஏஎச்

வாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பது. வாட்-ஹவர் என்பது மொத்தம் எவ்வளவு இருப்பு என்பது. தொட்டியையும் குழாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய தொட்டியில் சின்னக் குழாய் இருக்கலாம், சின்னத் தொட்டியில் பெரிய குழாயும் இருக்கலாம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது எது என்று கவனியுங்கள். "1000" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அது இன்வெர்ட்டரின் வாட்டாக இருக்கும். பேட்டரி எவ்வளவு என்று கீழே தேடினால் 500 வாட்-ஹவர்தான் இருக்கும்.

எம்ஏஎச் கணக்கில் சொல்லும் பெட்டியைப் பார்த்தால் வோல்ட்டைக் கேளுங்கள். 80,000 எம்ஏஎச் என்பது 3.6 வோல்ட் செல்லில் 288 வாட்-ஹவர், 3.2 வோல்ட் செல்லில் 256 வாட்-ஹவர். வோல்ட் தெரியாத எம்ஏஎச் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

முதலில் வாங்கவேண்டியது மீட்டர்

பவர் ஸ்டேஷனுக்கு முன், பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். இரவல் கிடைத்தாலும் சரி. சாதனத்தின் ஸ்டிக்கரில் இருப்பது அது எடுக்கக்கூடிய உச்சம், தினமும் எடுப்பது அல்ல. 65 வாட் என்று எழுதிய லேப்டாப் சார்ஜர் சாதாரண எழுத்து வேலையில் 15, 20 வாட்தான் எடுக்கும். ஃபிரிட்ஜ் இதற்கு நேர் எதிராக ஏமாற்றும்.

ஃபிரிட்ஜை மீட்டரில் மாட்டி முழுசாக 24 மணி நேரம் விடுங்கள், இரண்டு நாள் விட்டால் இன்னும் நல்லது. கம்ப்ரசர் ஓடும்போது 100 முதல் 150 வாட் காட்டும், ஓடாதபோது ஓரிரு வாட். நாள் முழுவதும் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு, அதாவது 1000 வாட்-ஹவருக்கு, முன்னே பின்னே வரும். வெயில் காலத்தில் கூடும், கதவு அடிக்கடி திறந்தால் கூடும். நடுவில் ஒரு தடவை மீட்டர் திடீரென்று 200, 300 வாட் காட்டி இருபது நிமிடம் அங்கேயே நிற்பதைப் பார்க்கலாம். ஐஸ் கட்டாத வகை ஃபிரிட்ஜில் உறைபனியை உருக்கும் ஹீட்டர் அது. கம்ப்ரசர் வாட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

மீட்டரில் நாளைக்கு 1200 வாட்-ஹவர் வந்தது என்று வைப்போம். இன்வெர்ட்டர் இழப்பும் அதன் சொந்தச் செலவும் சேர்த்தால் பெட்டியிலிருந்து 1500, 1600 போகும். 1000 வாட்-ஹவர் பெட்டி அந்த ஃபிரிட்ஜைப் பதினைந்து மணி நேரம் தாங்கும், ஒரு முழு நாள் தாங்காது.

ஆனால் முழு நேரமும் ஓட்டியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் தாங்கும். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத நாளில், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜை ஓட்டிவிட்டு ஏசி பட்டனை அணைத்துவிடுங்கள். அந்த ஒரு மணியில் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், ஓடட்டும். மிச்சமாவது, நடுவில் இன்வெர்ட்டர் சும்மா தின்றிருக்கும் கரண்ட். 15 வாட் தின்னும் பெட்டியில் நாளைக்கு அதுமட்டுமே 200 வாட்-ஹவருக்கு மேல்.

வெந்நீர், சமையல் என்று பேச்சு வந்தால் கணக்கு வேறு பக்கம் திரும்பிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 87 வாட்-ஹவர் வேண்டும். எந்தக் கெட்டிலை வாங்கினாலும் இது குறையாது. கெட்டில் இழப்பும் இன்வெர்ட்டர் இழப்பும் சேர்ந்தால் 115 வரை போகும். 1000 வாட்-ஹவர் பெட்டியில் எட்டு லிட்டர் கொதிக்கவைக்கலாம், அத்தோடு பெட்டி காலி. முகாமில் சமையலுக்கு கேஸ் அடுப்பை எடுத்துப் போங்கள், பெட்டியை விளக்குக்கும் ஃபோனுக்கும் விட்டுவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

தொடக்க இழுப்பு

பழைய வகை கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடிக்குள் ஓட்டத்தில் எடுப்பதைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். 120 வாட்டில் ஓடும் ஃபிரிட்ஜ் கிளம்பும்போது 700 வாட் கேட்பது சாதாரணம். 300 வாட் இன்வெர்ட்டர் இருக்கும் பெட்டியில் அதை மாட்டினால் ஒரு "டொக்", திரையில் ஓவர்லோடு, அவ்வளவுதான். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ள புது ஃபிரிட்ஜுகள் மெதுவாக வேகம் எடுப்பதால் இந்தத் தொல்லை குறைவு. தண்ணீர் மோட்டாரும் இப்படித்தான், அதைவிட மோசம். முக்கால் கிலோவாட் மோட்டாருக்கு 1000 வாட் பெட்டி போதும் என்று கணக்குப் போட்டு வாங்கிவிடாதீர்கள்.

ஃபிரிட்ஜ் கிளம்புமா என்று சோதிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜைப் பிடுங்கி உடனே பெட்டியில் மாட்டினால், குழாய்க்குள் அழுத்தம் இன்னும் இறங்கியிருக்காது. கம்ப்ரசர் சுற்ற முடியாமல் திணறி இன்னும் அதிகமாக இழுக்கும், பெட்டி விழும். பெட்டி பத்தாது என்று அப்போது முடிவு கட்டுவது தவறு. பத்து நிமிடம் விட்டு மாட்டிப் பாருங்கள். பத்துத் தடவை மாட்டி, பத்துத் தடவையும் கிளம்பினால் மட்டும் நம்பலாம். ஒன்பது கிளம்பி ஒன்று விழுந்தால், விழும் அந்த ஒன்று நடுராத்திரியில் யாரும் பார்க்காதபோது வரும்.

சில பெட்டிகளில் "பூஸ்ட்" போன்ற பெயரில் ஒரு வசதி இருக்கும். 1000 வாட் பெட்டியில் 1600 வாட் ஹீட்டரை ஓட்டலாம் என்பார்கள். பெட்டிக்குப் புது வலு ஒன்றும் வந்துவிடுவதில்லை. வோல்ட்டைக் குறைத்து இழுப்பைக் குறைக்கிறது. 230 வோல்ட்டை 180 அளவுக்கு இறக்கினால் அந்த ஹீட்டர் 1000 வாட்டுக்குள் அடங்கிவிடும், சூடு குறைவாக வரும். கம்பிச் சுருள் உள்ள ஹீட்டர், கெட்டில் இவற்றுக்கு இது சரி. மோட்டாரையும் கம்ப்ரசரையும் அந்த முறையில் மாட்டவே கூடாது. வோல்ட் குறைந்தால் சுற்றாமல் நின்று சுருள் சூடாகும். வீட்டில் ஃபிரிட்ஜ் ஓட்டும் பெட்டியில் இதை அணைத்தே வையுங்கள்.

வெளியீடு ப்யூர் சைன் வேவ்தானா, அதாவது வீட்டுக் கரண்டைப்போல வழவழப்பாக ஏறி இறங்கும் அலைதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். நல்ல பெட்டிகள் எல்லாம் இப்போது அப்படித்தான் வருகின்றன, மலிவான சிலவற்றில் படிப்படியாக ஏறி இறங்கும் மாடிஃபைட் அலை வருகிறது. அதில் ஃபேன் உறுமும், மோட்டார் சூடாகும், சில கம்ப்யூட்டர் பவர் சப்ளைகள் ஓடவே ஓடாது. வெளிநாட்டிலிருந்து வாங்கி வருவதாக இருந்தால் 120 வோல்ட்டா 230 வோல்ட்டா, 60 ஹெர்ட்ஸா 50 ஹெர்ட்ஸா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். விமானத்தில் கொண்டுவரலாம் என்றும் நினைக்கவேண்டாம். பயணிகள் கையில் எடுத்துப்போக 100 வாட்-ஹவர் வரைதான் பொதுவாக அனுமதி, விமான நிறுவனம் ஒப்புக்கொண்டால் 160 வரை. அதற்கு மேற்பட்டதை விடமாட்டார்கள்.

தானாக அணைந்துவிடும் பெட்டி

சொந்தச் செலவைக் குறைக்க, இழுப்பு குறைவாக இருந்தால் ஏசியைத் தானாக அணைத்துவிடும் ஏற்பாடு பல பெட்டிகளில் உண்டு. முகாமில் அது வரம். வீட்டில் ஃபிரிட்ஜ் மாட்டியிருக்கும்போது அதுவே வினை. கம்ப்ரசர் ஓய்வெடுக்கும் அரை மணியில் இழுப்பு ஓரிரு வாட்டுக்கு இறங்கும், யாரும் இல்லை என்று நினைத்துப் பெட்டி ஏசியை அணைத்துவிடும். மறுபடி கம்ப்ரசருக்குக் கரண்ட் வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. காலையில் எழுந்து பார்த்தால் பேட்டரி எண்பது சதவீதம் இருக்கும், ஃபிரிட்ஜுக்குள் எல்லாம் உருகியிருக்கும். இந்த அமைப்பை அணைக்க முடிகிறதா, அணைத்தது பெட்டியை ஒரு தடவை நிறுத்திப் போட்ட பிறகும் நினைவில் நிற்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள். உறக்கத்தில் மூச்சுக்கு உதவும் சீபேப் மாதிரி இழுப்பு ஏறி இறங்கும் கருவிகளுக்கும் இதே ஆபத்து உண்டு. சீபேப்பை அதற்கான டிசி அடாப்டர் போட்டு, ஈரப்பதம் சூடாக்கும் பகுதியை அணைத்து ஓட்டினால் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். உயிரைத் தாங்கும் கருவி எதையும் பவர் ஸ்டேஷனை மட்டும் நம்பி விடாதீர்கள்.

முகாமுக்கு

குளிர்பெட்டி இல்லாத இரண்டு இரவு, இரண்டு பேர் என்றால் தேவை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. ஃபோனை ஒரு தடவை முழுசாக ஏற்ற 20 வாட்-ஹவர். 5 வாட் விளக்கு ஐந்து மணி நேரம் எரிய 25. சின்ன டிசி ஃபேன் 8 வாட் என்றால் எட்டு மணி நேரத்துக்கு 64. எல்லாம் சேர்த்தாலும் இரண்டு இரவுக்கு 260 வாட்-ஹவர்தான் வருகிறது, 300 பெட்டி போதும். எடை நாலு கிலோ பக்கம், ஒரு கையில் தூக்கலாம்.

12 வோல்ட் கம்ப்ரசர் குளிர்பெட்டி வந்துவிட்டால் கணக்கு மாறிவிடும். ஓடும்போது 45, 60 வாட். வெப்பமான இடத்தில் நாளைக்கு 400 வாட்-ஹவர் கேட்கும். இரண்டு இரவுக்கு 1000 வாட்-ஹவர் பெட்டி வேண்டும், எடை 10 முதல் 13 கிலோ. 2000 என்றால் 20 கிலோவைத் தாண்டும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து கூடாரம் இருநூறு அடி தள்ளி இருந்தால் இந்த எடை என்ன என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

குளிர்பெட்டியை ஏசி அடாப்டரில் மாட்டாமல் 12 வோல்ட்டில் நேராக மாட்டுங்கள். இங்கே ஒயர் முக்கியம். 5 ஆம்பியர் ஓட்டத்துக்கு 3 மீட்டர் நீளத்தில் 0.75 சதுர மி.மீ. ஒயர் போட்டால், போக வர 6 மீட்டர் செம்பில் 0.7 வோல்ட் இறங்கிவிடும். 2.5 சதுர மி.மீ. போட்டால் இறக்கம் 0.2 வோல்ட்தான். பெட்டியின் 12 வோல்ட் துளை எப்போதும் 13 வோல்ட் பக்கம் நிலையாகத் தருவதாக இருந்தால் பிரச்சினை இல்லை. பேட்டரி இறங்க இறங்கத் துளையின் வோல்ட்டும் இறங்கும் மலிவான பெட்டியில், மெல்லிய ஒயரும் சேர்ந்துகொண்டால், பேட்டரி நாற்பது சதவீதம் இருக்கும்போதே குளிர்பெட்டி "வோல்ட் குறைவு" என்று நின்றுவிடும். அப்போது குளிர்பெட்டியின் பேட்டரி பாதுகாப்பை "லோ" நிலைக்கு மாற்றுங்கள். கார் பேட்டரியைக் காப்பாற்ற வைத்த "ஹை" அமைப்பு இங்கே தேவையில்லை. சிகரெட் லைட்டர் வகை பிளக் ஆட்டத்தில் தளர்ந்துபோகும், தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும். இறுக்கமாக உட்காராத பிளக்கை மாற்றிவிடுங்கள்.

சோலார் பேனலில் 100 வாட் என்று எழுதியிருந்தால் நல்ல மதிய வெயிலில் 60 முதல் 75 வாட் கிடைக்கும். நாளைக்கு 300 வாட்-ஹவர் என்று வைத்துக்கொள்ளலாம், மேகம் வந்தால் அதில் கால் பங்குதான். கூடாரக் கயிற்றின் நிழல் பேனலின் குறுக்கே விழுந்தாலே வரவு சரியும், ஒரு மர இலை ஒரு செல்லை மூடினாலும் அப்படித்தான். எல்லோரும் செய்யும் தவறு இன்னொன்று உண்டு. ஒயர் குட்டையாக இருக்கிறது என்று பேனலோடு பெட்டியையும் வெயிலில் வைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் பெட்டி கொதித்து, சார்ஜ் ஏறுவதைத் தானே நிறுத்திக்கொள்ளும். பேனல் வெயிலில், பெட்டி பேனலின் முதுகுப்பக்க நிழலில், நடுவில் காற்றுப் போக இடம் விட்டு.

இரண்டு மூன்று பேனல் சேர்ப்பவர்கள் பெட்டியின் சோலார் உள்ளீட்டு வோல்ட் எல்லையை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். 12 வோல்ட் வகை 100 வாட் பேனலின் திறந்த வோல்ட், அதாவது எதுவும் மாட்டாதபோது காட்டும் வோல்ட், சுமார் 22. மூன்றைத் தொடராகச் சேர்த்தால் 66. பெட்டியின் எல்லை 60 வோல்ட்டாக இருந்தால் மாட்டிய கணத்தில் உள்ளே இருக்கும் சார்ஜர் போய்விடலாம், உத்தரவாதமும் பொதுவாக வராது. குளிர்ந்த காலை வேளையில் பேனலின் வோல்ட் இன்னும் ஏறும், 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் தோராயமாக 0.3 சதவீதம். அதனால் எல்லையை ஒட்டிப் போகாமல் பத்து, பதினைந்து சதவீதம் விட்டுவையுங்கள். இணையாகச் சேர்த்தால் வோல்ட் அப்படியே இருக்கும், ஆம்பியர் கூடும். பெட்டி தனக்கு வேண்டிய ஆம்பியரை மட்டும் எடுத்துக்கொள்ளும், அதனால் ஆபத்து குறைவு. வேறு நிறுவனத்தின் பேனலையோ ஒயரையோ கலந்து மாட்டும்போது பிளஸ் எது, மைனஸ் எது என்று மல்ட்டிமீட்டரில் பார்த்த பிறகே செருகுங்கள். இணைப்பான் பொருந்துகிறது என்பதால் துருவமும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

காரின் 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்து வருவது சுமார் 100 வாட்தான். 1000 வாட்-ஹவர் பெட்டியை நிரப்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓடவேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு சார்ஜில் விட்டுவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது.

மூடிய காருக்குள் வெயிலில் பெட்டியை விடாதீர்கள். உள்ளே 60 டிகிரியைத் தாண்டும், பேட்டரியின் ஆயுளை அது தின்றுவிடும். குளிர்ப் பிரதேசத்தில் நேர் எதிர்ச் சிக்கல். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெட்டுவிடும். அதனால் பெட்டியின் பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று, சார்ஜை அனுமதிக்காது. கரண்ட் எடுக்கலாம், ஏற்ற முடியாது. இரவில் கூடாரத்துக்குள் வைத்து, காலையில் பெட்டி சற்று சூடான பிறகு பேனலை மாட்டுங்கள். பனி விழும் தரையில் நேராக வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள், போர்வை மட்டும் போர்த்தாதீர்கள். பெரும்பாலான பெட்டிகளில் காற்றுத் துளைகள் உண்டு, மழைக்குத் தாங்காது.

வீட்டுக்கு

கரண்ட் போன நொடியில் பெட்டி தானாக எடுத்துக்கொள்ள வேண்டுமானால், பெட்டியைச் சுவர் சாக்கெட்டில் மாட்டி, சாதனத்தைப் பெட்டியில் மாட்டி வைக்கவேண்டும். மாறும் நேரம் 10 முதல் 30 மில்லிவினாடி. விளக்கு, ரூட்டர், லேப்டாப் எதற்கும் இது தெரியாது. மேசைக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை முழுச் சுமையில் தாங்குவது 16, 17 மில்லிவினாடிதான், அதனால் 30 மில்லிவினாடிப் பெட்டியில் அது ரீஸ்டார்ட் ஆகலாம். ஸ்பெக்கில் இந்த எண்ணே இல்லையென்றால் யுபிஎஸ் வசதி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரத்தில் நிரம்பிவிடும் என்பது நல்ல வசதிதான், ஆனால் அப்போது பெட்டி 1000, 1200 வாட் இழுக்கும். அதே சாக்கெட்டின் வழியாக ஃபிரிட்ஜும் கம்ப்யூட்டரும் ஓடினால் எல்லாம் சேர்ந்து ஒயருக்குச் சுமை. சாதாரண நாளில் சார்ஜ் வேகத்தை 300, 400 வாட்டுக்கு இறக்கிவையுங்கள். பேட்டரியும் சூடாகாது, ஃபேனும் கத்தாது. சின்ன ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றுபவர்களும் முதலில் இந்த வேகத்தைக் குறைக்கவேண்டும், இல்லையென்றால் ஜெனரேட்டர் மூச்சுத் திணறி நின்றுவிடும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பெட்டியை மாட்டவே மாட்டாதீர்கள்.

இனி சொல்வதில் சமரசமே கிடையாது. இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த ஒயரைத் தயாரித்து, பெட்டியின் கரண்டைச் சுவர் சாக்கெட்டுக்குள் செலுத்தி வீடு முழுவதும் எரியவைக்காதீர்கள். ஒரு முனையைப் பிடுங்கினால் கையில் இருக்கும் ஊசிகளில் உயிருள்ள கரண்ட் இருக்கும். மெயினை அணைக்க மறந்தால் கரண்ட் வெளிக்கம்பிக்குப் போய், அங்கே பழுது பார்க்கும் லைன்மேன் சாவார். வெளியிலிருந்து கரண்ட் திரும்பி வந்தால் பெட்டி எரியும். வீட்டின் ஒரு சில சுற்றுகளை மட்டும் பெட்டியில் ஓட்டவேண்டும் என்றால், வெளிக் கரண்ட், பெட்டிக் கரண்ட் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டும், அதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் போடவேண்டும். அது முடியாது என்றால் சாதனத்தை நேராகப் பெட்டியில் மாட்டுங்கள்.

பெட்டியின் ஏசி துளைகளில் டெஸ்டரை வைத்தால் இரண்டு துளையிலும் மங்கலாக எரியலாம். பயப்படவேண்டாம். பல பெட்டிகளில் நியூட்ரல் எர்த்தோடு சேர்க்கப்படாமல் தனியாக மிதக்கும், அதுதான் காரணம். அதைச் சரிசெய்கிறேன் என்று பிளக்குக்குள் கம்பியை இணைக்காதீர்கள்.

எந்த பேட்டரி, எத்தனை பெட்டி

எல்எஃப்பி என்று சுருக்கமாகச் சொல்லும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு வெளியிட்ட வேதியியலிலிருந்து வந்தது. அதன் ஆயுள் 2000, 3000 சுழற்சிக்கு மேல் (ஒரு தடவை முழுசாக ஏற்றி இறக்குவது ஒரு சுழற்சி). நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்எம்சி 500 முதல் 1000. என்எம்சி எடை குறைவு. எல்எஃப்பி அதிக வெப்பம் வரை தாங்கும், தீப்பிடிக்கும் அபாயம் குறைவு. வீட்டுக்கு எல்எஃப்பி மட்டும்தான். முதுகில் சுமந்து போகும் சின்னப் பெட்டிக்கு மட்டும் என்எம்சியை யோசிக்கலாம்.

ஆனால் "4000 சுழற்சி" என்ற எண்ணைக் கண்டு கூடுதல் விலை கொடுக்கவேண்டாம். வருஷத்துக்கு இருபது தடவை பயன்படும் பேட்டரிக்கு சுழற்சி எண்ணிக்கை ஒரு பொருட்டே அல்ல. அதைக் கிழமாக்குவது வெப்பமும், நூறு சதவீதத்திலேயே மாதக்கணக்கில் நிற்பதும்தான். எப்போதும் சுவரில் மாட்டியே இருக்கும் பெட்டியில் மேல் எல்லையை 80, 90 சதவீதத்துக்கு இறக்க முடிந்தால் இறக்குங்கள்.

எல்எஃப்பியில் ஒரு குணம் உண்டு. பெரும்பகுதி நேரம் செல்லின் வோல்ட் 3.2, 3.3 என்று ஒரே இடத்தில் நிற்பதால், வோல்ட்டை வைத்துச் சதவீதம் சொல்வது கடினம். கொஞ்சம் கொஞ்சமாகப் பயன்படுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே இருந்தால் பெட்டியின் சதவீத மீட்டர் தடம் மாறும். 22 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துவிடும். சில மாதத்துக்கு ஒரு முறை முழுசாக இறக்கி, முழுசாக ஏற்றி, நூறு காட்டிய பிறகும் ஓரிரு மணி நேரம் சார்ஜிலேயே விட்டால் எண் திருந்திவிடும்.

இப்போது, முகாமுக்கும் வீட்டுக்கும் ஒரே பெட்டி போதுமா என்ற கேள்வி. முகாமுக்கு வேண்டியது குறைந்த எடை, நிலையான 12 வோல்ட், நல்ல யூஎஸ்பி-சி, குறைந்த சொந்தச் செலவு. வீட்டுக்கு வேண்டியது தொடக்க இழுப்பைத் தாங்கும் பெரிய இன்வெர்ட்டர், வேகமாக மாறுவது, அணைந்துவிடாமல் நிற்பது. பெரிய இன்வெர்ட்டரின் சொந்தச் செலவும் பெரிது. இரண்டு வேலைக்கும் ஒரே 2000 பெட்டியை வாங்கியவர்கள் இரண்டாவது பயணத்தில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பணம் ஒத்துவந்தால் 300இல் ஒன்று, 1000 அல்லது அதற்கு மேல் ஒன்று என்று இரண்டாக வாங்குங்கள். வீட்டில் கரண்ட் போனாலும் இரண்டும் உதவும்: பெரியது ஃபிரிட்ஜுக்கு, சின்னது ரூட்டருக்கும் விளக்குக்கும் டிசியில். பெரியதை இடையிடையே அணைத்துவைக்கவும் அதனால்தான் முடிகிறது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 1000 எல்எஃப்பி, ஓட்டத்துக்கு 1000 வாட்டுக்குக் குறையாத இன்வெர்ட்டர். வீட்டில் தினமும் பல மணி நேரம் கரண்ட் போகிறது, ஃபேனும் விளக்கும்தான் ஓடவேண்டும் என்றால் பவர் ஸ்டேஷனை விடச் சுவரோரம் நிற்கும் சாதாரண இன்வெர்ட்டர்-பேட்டரி ஏற்பாடு சரியானது. அதைத் தூக்கிப்போக முடியாது, ஆனால் ஒயரிங்கோடு ஒழுங்காகச் சேரும்.

வந்த முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் அளந்துவிடுங்கள். நூறு வரை ஏற்றி, ஏசியில் வாட் மீட்டரை மாட்டி, இன்வெர்ட்டர் திறனில் கால் பங்கு அளவுக்குச் சுமை கொடுத்து அணையும் வரை ஓட்டுங்கள். 1000 வாட்-ஹவர் பெட்டி 820 முதல் 900 வரை தந்தால் சரி. 800க்குக் கீழே என்றால் ஒரு தடவை மறுபடி ஏற்றிச் சோதித்து, அப்படியே இருந்தால் திருப்பிக் கொடுங்கள். 10 வாட் பல்பை மாட்டிச் சோதித்தால் தப்பான முடிவு வரும், காரணம் மேலே ரூட்டர் கணக்கில் இருக்கிறது. ஃபிரிட்ஜைப் பத்துத் தடவை கிளப்புங்கள். சுவர் சுவிட்சை அணைத்து, கம்ப்யூட்டர் தாங்குகிறதா என்று பாருங்கள். ஓர் இரவு முழுவதும் குறைந்த சுமையில் விட்டு, ஏசி அணையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபேன் சத்தத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், கடையில் கேட்டால் தெரியாது.

சும்மா வைப்பதானால் 50, 60 சதவீதத்தில், நிழலான குளிர்ந்த இடத்தில், எல்லாத் துளையையும் அணைத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பூஜ்ஜியத்தில் விட்டு மறந்தால், உள்ளே பிஎம்எஸ் எடுக்கும் துளித்துளி கரண்டே செல்லை ஆழத்துக்கு இழுத்துவிடும், பிறகு சார்ஜே ஏறாது. கீழே விழுந்தது, நனைந்தது, உப்பியது எதையும் மறுபடி சார்ஜில் போடாதீர்கள், வீட்டுக்கு வெளியே எரியும் பொருள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு சர்வீஸைக் கூப்பிடுங்கள்.

அளந்து முடித்த எண்களை ஒரு தாளில் எழுதி பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள்: ஃபிரிட்ஜ் 15 மணி, ரூட்டர் டிசியில் இத்தனை, ஏசியில் இத்தனை, கெட்டில் கூடாது, பூஸ்ட் அணைத்தே இருக்கவேண்டும். கரண்ட் போகும்போது நீங்கள் வீட்டில் இல்லாமலும் இருக்கலாம், பெட்டியைப் போடுபவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் போடுவார்.